கொதிக்க வைக்காத கை

தெர்மாமீட்டரைக் கொதிக்க வைக்கக் கூடாது என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. எல்லாவற்றையும் கொதிக்க வை என்றுதான் சொன்னார்கள். வைத்தேன். அது சட்டிக்குள் டப்பென்று வெடித்தது. உள்ளே இருந்த பாதரசம் குட்டிக் குட்டி உருண்டையாகத் தண்ணீருக்கு அடியில் ஓடியது. கட்டிலில் படுத்திருந்த தம்பி, காய்ச்சல் எவ்வளவு காட்டுகிறது என்று அங்கிருந்தே கேட்டான். சட்டிக்கு நல்ல காய்ச்சல் என்று சொல்லிவிட்டு, சட்டியோடு கொண்டு போய்த் தெருக்கோடிக் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டு வந்தேன்.

இரண்டாயிரமாவது வருஷம் பிறந்தால் உலகம் அழிந்துவிடும் என்று வியாசர்பாடியில் ஆளாளுக்குப் பேசிக்கொண்டிருந்த சமயம் அது. எனக்கு உலகத்தைப் பற்றி அக்கறை இல்லை. என் தம்பியின் வயிற்றில் என் கிட்னி ஒன்று இருந்தது. அது அழியக் கூடாது. அவ்வளவுதான் என் கணக்கு.

ஹவுசிங் போர்டு வீட்டில் இரண்டாவது மாடி. ஓர் அறை, ஒரு சமையலறை. நான், தம்பி, தம்பி பொண்டாட்டி. எனக்கும் கட்டியவன் ஒருத்தன் இருந்தான், அவன் கதை இதில் வேண்டாம். அம்மா சாகும்போது எனக்குப் பதினாறு, தம்பிக்கு ஆறு. அன்றிலிருந்து அவனுக்குச் சோறு போட்டது நான். திருவொற்றியூரில் ஒரு பட்டறையில் லேத் ஓட்டினான். கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை, முகம் வீங்கியது, கால் வீங்கியது, இரண்டு கிட்னியும் போய்விட்டது என்றார்கள். ஒன்று நான் தருகிறேன் என்றேன். பெரிய ஆஸ்பத்திரியில் என்னைத் தலை முதல் கால் வரை சோதித்தார்கள். ரத்தம், மூத்திரம், நெஞ்சு, பல். வயிற்றை ஸ்கேன் செய்த டாக்டர், கிட்னி நன்றாக இருக்கிறது, பித்தப்பையில்தான் கல் இருக்கிறது, தொந்தரவு இல்லாதவரை அதைத் தொட வேண்டாம் என்றார். நான் சிரித்தேன். யானைக்கவுனியில் ஒரு தெற்கத்திக்காரர் மொத்தக் கடையில் பருப்பில் கல் பொறுக்குவதுதான் என் வேலை. பதினைந்து வருஷமாக ஊருக்கெல்லாம் கல் பொறுக்கியவள் வயிற்றிலேயே கல். அதற்கு மேல் அதைப் பற்றி நான் நினைக்கவில்லை.

ஆபரேஷன் நல்லபடி முடிந்தது. என் கிட்னி அவன் உடம்பில் ஏறியதும் வேலை செய்ய ஆரம்பித்துவிட்டது. அவன் மூத்திரம் போனதைப் பார்த்து வார்டே சந்தோஷப்பட்டது. பிறகு ஒரு பை நிறைய மாத்திரை கொடுத்து, ஒரு பெண் டாக்டர் எங்களை உட்கார வைத்து விளக்கினார். சின்ன வயசு. எதையும் இரண்டு தடவை சொல்வார். உடம்புக்குள் போலீஸ் மாதிரி ஒரு கூட்டம் இருக்கிறதாம். வெளியாள் யார் வந்தாலும் அடிக்குமாம். என் கிட்னியும் அதற்கு வெளியாள்தானாம். அதனால் அந்தப் போலீஸைத் தூங்க வைக்கத்தான் இந்த மாத்திரை. போலீஸ் தூங்கினால் திருடன் சும்மா நடந்து உள்ளே வருவான். தண்ணீரில் வருவான், வேகாத பண்டத்தில் வருவான், கடைச் சாப்பாட்டில் வருவான். உங்களை ஒன்றும் செய்யாத கிருமி இவரைப் படுக்க வைத்துவிடும், வயிற்றுப்போக்கு அதிகமானால் கிட்னி போய்விடும் என்றார். இரண்டு தடவை சொன்னார்.

இதை வீட்டுக்கு வந்து அக்கம்பக்கத்தாருக்குப் புரிய வைப்பதற்குள் எனக்கு உயிர் போய்விட்டது. கீழ் வீட்டுக்காரி, என் வயசுதான், என்னைவிட வாய் நீளம், மாடிப்படியில் நின்று கேட்டாள்.

“ஊரே சத்து ஏர்றதுக்கு மாத்திர துன்னுது. நீ சத்து எறங்கறதுக்கு மாத்திர குடுக்கிறியா? இன்னா கத இது?”

போலீஸ் கதையைச் சொன்னேன். போலீஸ் தூங்குவதற்கு மாத்திரை எதற்கு, நம் ஸ்டேஷனில் சும்மாவே தூங்குகிறார்களே என்றாள்.

உடம்பு சரியில்லாமல் ஆஸ்பத்திரி போய் வந்தவனைப் பார்க்க எங்கள் பக்கத்தில் யாரும் வெறும் கையோடு வர மாட்டார்கள். இளநீர் வந்தது. திராட்சை வந்தது. புளியந்தோப்பு மாமா ஆட்டு மூளை வறுவல் கொண்டுவந்தார், தாமரை இலையில் கட்டி, அது பலம் என்று. எல்லாவற்றையும் வாசலிலேயே நிறுத்தினேன். மாமா என்னோடு ஆறு மாதம் பேசவில்லை. ஆடி மாதம் கோயில்காரர்கள் குடத்தில் கூழ் கொண்டுவந்தார்கள். எங்கள் வீட்டில் புத்தர் படம் ஒன்றுதான் உண்டு. ஆனாலும் கூழ் வரும், வாங்குவோம். அந்த வருஷம் வாங்கி, அவர்கள் கண் முன்னாலேயே அடுப்பில் ஏற்றி மறுபடி கொதிக்க வைத்தேன். அதில் கிடந்த பச்சை வெங்காயம் வெந்து குழைந்தது. குடம் தூக்கி வந்தவர் ஆத்தா கூழையே சுட வைக்கிறாயா என்று கேட்டார். ஆத்தாவுக்கும் வயிறு இருக்கிறது, சுடச்சுடக் குடித்தால் அவளுக்கும் நல்லதுதான் என்றேன். அதற்கப்புறம் எங்கள் வீட்டுப் பக்கம் கூழ் வரவில்லை.

தட்டு, டம்ளர், அவன் பல் விளக்கும் பிரஷ், மாத்திரை வெட்டும் பிளேடு, எல்லாம் கொதிக்கும். ஆப்பிளை வேக வைத்தேன். வேக வைத்த ஆப்பிளை யாரும் சாப்பிட்டிருக்க மாட்டீர்கள். உருளைக்கிழங்குக்குக் கல்யாணம் நின்றுபோனது மாதிரி இருக்கும். அவன் சாப்பிட்டான். லாரித் தண்ணீரை இருபது நிமிஷம் கொதிக்க விட்டு, துணியில் வடிகட்டி, அந்தத் துணியையும் கொதிக்க வைப்பேன். மாடியில் எனக்குப் பெயரே வெந்நீர் என்று ஆகிவிட்டது.

தம்பி பொண்டாட்டியைச் சமையலறைக்குள் விடவில்லை. அவள் சடையங்குப்பத்துப் பெண். மழை வந்தால் அவள் அம்மா வீட்டில் கட்டில் மிதக்கும். உன் ஊர்த் தண்ணீர் உன் நகத்திலேயே இருக்கும், நீ அடுப்பைத் தொடாதே என்று அவள் முகத்துக்கு நேராகச் சொன்னேன். எழுதும்போது வெட்கமாக இருக்கிறது. அன்றைக்கு இல்லை. அவள் வாசலில் உட்கார்ந்து அவன் சட்டைக்குப் பொத்தான் தைத்தாள்.

நான் காலையில் எட்டு மணிக்கு யானைக்கவுனிக்குக் கிளம்ப வேண்டும். அதற்குள் அவனுக்கு மதியச் சோறு தயாராக வேண்டும். பாலைக் காய்ச்சி நானே உறை ஊற்றிய தயிர். சோறு குழைய வடித்து, தயிர் விட்டு, உப்பு டாக்டர் சொன்ன அரைக்கால் ஸ்பூன் மட்டும், என் கையால் பிசைந்து, எலுமிச்சை அளவு உருண்டை உருண்டையாகப் பிடித்து டிபன் பாக்ஸில் அடுக்குவேன். அம்மா எனக்கு அப்படித்தான் கொடுத்தாள். நான் அவனுக்கு அப்படித்தான் கொடுத்தேன். கரண்டியால் கிளறிய சோறு உடம்பில் ஒட்டாது என்று எங்களுக்கு ஒரு நினைப்பு. பிசைவதற்கு முன்னால் கையை சோப்புப் போட்டுக் கழுவுவேன், அதையும் சொல்லிவிடுகிறேன். ஒரு மணிக்குத் தம்பி பொண்டாட்டி மூடியைத் திறந்து அவன் முன்னால் வைக்க வேண்டும். அவள் வேலை அது மட்டும்தான். கை வைக்கக் கூடாது.

நான்காம் மாதம் தம்பிக்குக் காய்ச்சலும் வயிற்றுப்போக்கும் வந்தது. ஒரே நாளில் கண் உள்ளே போய்விட்டது. ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். ரத்தம் எடுக்கும் முன்பே ஏதோ ஊசி போட்டுவிட்டார்கள். அதனால் ரத்தத்தில் ஒன்றும் பிடிபடவில்லை. மலம் பார்த்தால் தெரியும் என்றார் பெண் டாக்டர். நர்ஸ் ஒரு சின்ன டப்பாவை என் கையில் கொடுத்து, பத்து மணிக்குள் லேப் ஜன்னலில் கொடுக்க வேண்டும், இன்றைக்குச் சனிக்கிழமை, விட்டால் திங்கள்கிழமைதான் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

மூன்று நாள் நிற்காமல் போன வயிறு, டப்பாவைக் கண்டதும் நின்றுவிட்டது. ஒன்பது மணி. ஒன்பதரை. கக்கூஸ் வாசலில் நின்று நான் கதவைத் தட்டுகிறேன். உள்ளே இருந்து, தட்டினால் எப்படி வரும் என்று அவன் கத்துகிறான். வெளியே நான்கு பேர் வரிசையில் நின்று ஆலோசனை சொல்கிறார்கள். ஒருவர் பீடி பிடித்தால் வரும் என்றார். ஒன்பதே முக்காலுக்கு அவன் வெறும் டப்பாவோடு வெளியே வந்தான்.

எனக்குக் காலையில் எந்தத் தகராறும் கிடையாது. டப்பாவை அவன் கையிலிருந்து பிடுங்கினேன்.

“யக்கா, வாணாம். இது ராங்கு.”

“இன்னா ராங்கு? ஒரே பானை சோறு துன்றோம். என் கிட்னி உன் உள்ள ஓடிகினு கீது. அது ராங்கு இல்ல, இது ராங்கா?”

அவன் யோசித்தான். எனக்கும் அவனுக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. எனக்கு இன்னொரு எண்ணமும் இருந்தது. என் வயிறு கல்லைப் போட்டாலும் கரைக்கும். ரிப்போர்ட் சுத்தமாக வரும், திங்கட்கிழமையே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். பரீட்சைக்குத் தம்பிக்குப் பதிலாக அக்கா போய் எழுதின மாதிரி. பத்து அடிக்க இரண்டு நிமிஷம் இருக்கும்போது, அவன் பெயர் எழுதிய டப்பாவை ஜன்னலில் நீட்டினேன். உள்ளே இருந்தவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு வாங்கினார்.

செவ்வாய்க்கிழமை ரிப்போர்ட் வந்தது. பெண் டாக்டருக்கு சந்தோஷம். திருடன் கிடைத்துவிட்டான் என்றார். சால்மோனெல்லா என்று பெயர், டைபாய்டு கிருமி. எந்தெந்த மருந்துக்குச் சாகும், எந்தெந்த மருந்துக்குச் சாகாது என்று கீழே ஒரு பட்டியலே இருந்தது. தம்பி என்னைப் பார்த்தான். நான் ஜன்னலைப் பார்த்தேன்.

உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ஏனென்றால் எனக்கு உடனே ஒரு விளக்கம் கிடைத்துவிட்டது. லேப்காரன் டப்பாவை மாற்றிவிட்டான். முகத்தைத் திருப்பிக்கொண்டு வாங்குகிறவன் எதைச் சரியாகச் செய்வான்? வேறு எவனுடைய கிருமியையோ என் தம்பி பெயரில் எழுதிவிட்டான். அவன்மேல் எனக்கு அப்படியொரு கோபம் வந்தது. நானே டப்பாவை மாற்றியவள், டப்பாவை மாற்றிவிட்டான் என்று இன்னொருவனைத் திட்டிக்கொண்டே வார்டில் இங்கும் அங்கும் நடந்தேன். அது எனக்குக் கோணலாகவே தெரியவில்லை.

பட்டியலைப் பார்த்து மருந்தை மாற்றினார்கள். இரண்டே நாளில் காய்ச்சல் விட்டது. பத்து நாளில் வீட்டுக்கு வந்தோம். எவனுடைய ரிப்போர்ட்டோ, என் தம்பிக்குப் பொருந்திவிட்டது, அவன் நல்லா இருக்கட்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்ததும் கொதிக்க வைப்பதைக் கூட்டினேன். தலையணை உறை, அவன் சீப்பு. ரப்பர் செருப்பைப் போட்டேன், அது வளைந்து படகு மாதிரி ஆகிவிட்டது. தயிர் சோற்று உருண்டைகளை எலுமிச்சையிலிருந்து ஆரஞ்சு அளவுக்குப் பெரிதாக்கினேன், உடம்பு தேற வேண்டுமே என்று.

ஐந்தே வாரத்தில் மறுபடி காய்ச்சல், மறுபடி போக்கு.

இந்தத் தடவை குற்றவாளி யார் என்று நான் விசாரித்தேன். தம்பி ஒப்புக்கொண்டான். மார்க்கெட் ஓரத்துக் கடை பஜ்ஜி ஒன்று. ஒன்றே ஒன்று. பொண்டாட்டிதான் வாங்கி வந்து கொடுத்தாளாம். வேக வைத்த ஆப்பிள் தின்று தின்று நாக்கு செத்துப்போச்சு என்று இவன்தான் கெஞ்சினானாம். கொதிக்கிற எண்ணெயிலிருந்து எடுத்த பஜ்ஜியில் என்ன கிருமி இருக்கும்? அதெல்லாம் அன்றைக்கு யார் யோசித்தார்கள். மாடியே கேட்கும்படி அவளைத் திட்டினேன். என் கிட்னியை பஜ்ஜிக்கு விற்றுவிட்டாய் என்றேன். அவள் முதல் தடவையாக வாயைத் திறந்தாள்.

“உன் கிட்னி உன் கிட்னின்னு சொல்லிகினே கீறியே. அவரு என் புருசன்.”

பையை எடுத்துக்கொண்டு சடையங்குப்பம் போய்விட்டாள். நல்லது, கிருமி போனது என்றேன். கீழ் வீட்டுக்காரி சாட்சி, அவளைக் கேட்டால் இன்றைக்கும் சொல்வாள்.

இந்தத் தடவை ஆஸ்பத்திரியில் வந்த டப்பாவுக்குத் தம்பியே பதில் சொன்னான். ஜன்னலுக்கு நேரத்தோடு போய்ச் சேர்ந்தது. நான்கு நாள் கழித்துப் பெரிய டாக்டர் வந்தார். ரொம்ப வயசானவர், குரல் எழும்பாது. அவருக்குப் பின்னால் இருபது பேர் படிக்கிற பிள்ளைகள், நோட்டோடு. அவர் பழைய ரிப்போர்ட்டையும் புது ரிப்போர்ட்டையும் பக்கத்தில் பக்கத்தில் பிடித்துக்கொண்டு அவர்களுக்குப் பாடம் நடத்தினார். இரண்டும் ஒரே கிருமி. சாகிற மருந்தும் ஒன்றே, சாகாத மருந்தும் ஒன்றே, அச்சு அசல். சரியான மருந்து கொடுத்தும் இவன் உடம்பை விட்டுப் போகவில்லை. அப்படியென்றால் எங்கே ஒளிந்திருக்கும்? ஒரு பெண் பித்தப்பை என்றாள். சரி என்றார்.

அவர் என் பக்கம் திரும்பினார். கிருமி பித்தப்பைக்குள் குடியிருந்தால் மருந்து எட்டாது, பையை எடுத்துவிட வேண்டும் என்றார். ஸ்கேனில் தம்பியின் பித்தப்பை சுத்தமாகத்தான் தெரிகிறது. ஆனாலும் வேறு வழி தெரியவில்லை என்றார். இன்னொரு தடவை இப்படிப் போக்கு வந்தால் கிட்னி தாங்காது. ஆபரேஷனிலும் ஆபத்து உண்டு. எதிர்ப்பு சக்தி இல்லாத உடம்பு, புண்ணில் சீழ் வைத்தால் ஆளே கிடைக்க மாட்டான். யோசித்துக் கையெழுத்துப் போடுங்கள் என்று மெதுவாகச் சொன்னார்.

நர்ஸ் காகிதத்தை நீட்டினாள். பொண்டாட்டி ஊரில் இல்லை, அக்கா போடலாம் என்றாள். பேனாவும் கொடுத்தாள்.

நான் பருப்பு பார்க்கிறவள். முறத்தில் ஒரே நிறத்தில் இரண்டு கிடந்தால், எது பருப்பு எது கல் என்று கை தானாகச் சொல்லும். அன்றைக்கு அந்த இரண்டு காகிதத்தையும் பார்த்தபோதுதான் கை சொன்னது. லேப்காரன் எதையும் மாற்றவில்லை. அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டாலும் வேலையைச் சரியாகத்தான் செய்திருக்கிறான். முதல் காகிதம் என்னுடையது. என் கிருமியைப் பார்த்துவிட்டு என் தம்பியின் வயிற்றை வெட்டப் போகிறார்கள்.

தம்பி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்கும் தெரியும். ஆனால் அவன் வாயைத் திறக்கவில்லை. இருபது பேர் முன்னால் அக்காவைக் காட்டிக்கொடுப்பதைவிட வயிற்றை வெட்டிக்கொள்ளலாம் என்று படுத்துக் கிடந்தான், மடையன்.

“அந்த மொத ரிப்போர்ட்டு என்னுது சார்,” என்றேன்.

“உன்னுதுன்னா?”

“என் வயித்துது. அவனுக்கு வர்ல. பத்து மணிக்கு ஜன்னல மூடிடுவோம்னாங்க.”

ஒரு பையன் சிரித்துவிட்டான். அவனைப் பார்த்து இன்னும் இரண்டு பேர். பெண் டாக்டர் கண்ணை மூடிக்கொண்டார். நர்ஸ் தலையில் கை வைத்துக்கொண்டு, முப்பது வருஷ சர்வீஸில் இப்படி ஒரு கலீஜைப் பார்த்ததில்லை என்றாள். பெரிய டாக்டர் மட்டும் சிரிக்கவும் இல்லை, திட்டவும் இல்லை. என் கையிலிருந்த காகிதத்தை வாங்கி நான்காக மடித்துப் பையில் வைத்தார். பிறகு ஸ்டூலில் உட்கார்ந்து என்னைக் கேள்வி கேட்டார்.

எனக்கு எப்போதாவது நீண்ட காய்ச்சல் வந்திருக்கிறதா? பன்னிரண்டு வயதில், ஒரு மாதம். விஷக் காய்ச்சல் என்றார்கள். அதற்கப்புறம் இன்றுவரை ஒரு நாள் காய்ச்சல் கிடையாது என்று பெருமையாகச் சொன்னேன். கிட்னி கொடுத்தபோது எடுத்த ஸ்கேனில் ஏதாவது சொன்னார்களா? பித்தப்பையில் கல். தொந்தரவு இல்லை என்று விட்டுவிட்டார்கள். படிக்கிற பிள்ளைகள் எல்லாரும் எழுதுவதை நிறுத்திவிட்டார்கள். அந்தச் சத்தம் நின்றது எனக்குக் கேட்டது.

“தம்பிக்கு வீட்ல சோறு யாரும்மா குடுக்கறது?”

“நான்தான் சார். வேற யாரையும் கிட்டயே வுடல.”

அவர் தலையை ஆட்டினார். அப்புறம் எனக்குப் புரிகிற மாதிரி சொன்னார். பன்னிரண்டு வயதில் வந்தது டைபாய்டுதான், அந்தக் கிருமி என் பித்தப்பைக் கல்லில் ஒண்டிக்கொண்டு இத்தனை வருஷமும் என்னோடு குடியிருந்திருக்கிறது. என் போலீஸுக்கும் அதற்கும் ஒரு சமாதானம். என்னை ஒன்றும் செய்யாது. ஆனால் வெளியே வந்துகொண்டே இருக்கும். சோப்புப் போட்டாலும் நகக்கண்ணில் துளி போதும். காலையில் பிசைந்த தயிர் சோறு, மூடிய டப்பா, மெட்ராஸ் வெயில், ஒரு மணி வரை. அதற்குள் அது பெருகிவிடும். எல்லாவற்றையும் கொதிக்க வைத்தீர்களே, அதுவரை நல்லது என்றார். கையைக் கொதிக்க வைக்க முடியாதே, அதற்கு நான் என்ன செய்வேன் என்று அவரிடமே சண்டைக்குப் போனேன். கரண்டி இருக்கிறதே அம்மா என்றார்.

கிட்னி எடுக்கும்போது என் மூக்கு முதல் முழங்கால் வரை பார்த்தவர்கள், இதை ஏன் பார்க்கவில்லை என்று கேட்டேன். பார்த்திருக்கலாம் என்றார். அதற்கு மேல் எனக்குத் திட்டுவதற்கு வார்த்தை கிடைக்கவில்லை. வாழ்க்கையில் அபூர்வமாக நடக்கிற விஷயம்.

மறுநாள் எனக்கு என் பெயர் எழுதிய டப்பாவே கிடைத்தது. அதே நர்ஸ் கக்கூஸ் வாசலில் இடுப்பில் கை வைத்துக்கொண்டு காவலுக்கு நின்றாள், நான் வேறு யாருடையதையாவது வாங்கி வந்துவிடுவேன் என்று. ரிப்போர்ட் வந்தது. மூன்றாவது அச்சு அசல்.

தம்பியின் வயிற்றை யாரும் தொடவில்லை. கிருமி அவன் உள்ளே குடியிருக்கவில்லை, வெளியே இருந்து தினமும் ஒரு மணிக்கு டிபன் பாக்ஸில் வந்துகொண்டிருந்தது, அவ்வளவுதான். அவனுக்கு அதே மருந்து, எனக்குத் தடை. சமையலறைக்குள் போகக் கூடாது, அவன் தட்டு தொடக் கூடாது, எனக்குத் தனி சோப்பு. சடையங்குப்பத்துக்கு ஆள் அனுப்பினோம். அவள் வந்தாள். நான் எல்லாவற்றையும் சொன்னேன். மன்னிப்புக் கேட்கிற பழக்கம் எனக்கில்லை, அதனால் நடந்ததை மட்டும் சொன்னேன். அவள் கேட்டுவிட்டு, வெங்காயம் எங்கே என்றாள்.

அவள் சமையல் சுமார்தான். குழம்பில் புளி தூக்கலாக இருக்கும். தம்பி உடம்பு தேறியது. கிட்னி நன்றாக வேலை செய்கிறது என்று ஒவ்வொரு தடவையும் ரத்தம் பார்த்துச் சொன்னார்கள். நான் வாசலில் தனித் தட்டில் சாப்பிட்டேன். கீழ் வீட்டுக்காரி படியேறி வரும்போதெல்லாம் மூக்கில் முந்தானையை வைத்துக்கொண்டு, “இன்னா வென்னீரு, இன்னிக்கு உன்ன யாரு கொதிக்க வெச்சாங்க?” என்று கேட்பாள். பதில் சொல்ல வாய் இருந்தும் சொல்லவில்லை. ஒரு வருஷத்துக் கடன் என்று விட்டேன்.

ஒரு மாதம் நான் மாத்திரை தின்ற பிறகு என் பித்தப்பையை எடுத்தார்கள். தம்பிக்காக என் வயிற்றை வெட்டியது அது இரண்டாவது தடவை. முதல் தடவை கொடுப்பதற்கு, இரண்டாவது தடவை கொடுக்காமல் இருப்பதற்கு. எடுத்த கல்லை ஒரு சின்ன பாட்டிலில் போட்டுக் காட்டினார்கள். பதினேழு. துவரம்பருப்பு அளவில் பதினான்கு, கொண்டைக்கடலை அளவில் மூன்று. பழக்கதோஷம், பார்த்ததும் கை தானாகத் தரம் பிரித்துவிட்டது. பாட்டிலை வீட்டுக்கு எடுத்துப் போகட்டுமா என்று கேட்டேன். நர்ஸ் என்னைப் பார்த்த பார்வையில் அங்கேயே வைத்துவிட்டேன்.

அதன் பிறகும் மூன்று தடவை மலப் பரிசோதனை. இடைவெளி விட்டு விட்டு. மூன்றாவதும் சுத்தம் என்று வந்த அன்றைக்கு, மூன்று காகிதத்தையும் எடுத்துக்கொண்டு மத்தியானம் வீட்டுக்கு வந்தேன். சமையலறை வாசலில் தம்பி பொண்டாட்டி நின்றாள். உள்ளே விடவில்லை. காகிதத்தைக் கையில் வாங்கினாள். ஐந்தாம் வகுப்பு படித்தவள், இங்கிலீஷ் எழுத்துக்கூட்டத்தான் தெரியும். மூன்றையும் மேலிருந்து கீழே கடைசி வரி வரை விரல் வைத்துப் பார்த்தாள். பிறகு கேட்டாள்.

“இது மூணும் உன்னுதுதானா?”

“என்னுதுதான்.”

“நீ குடுக்கும்போது யாராச்சும் பாத்துகினு இருந்தாங்களா?”

“வாசல்லயே நின்னுகினு இருந்தாங்க.”

அவள் வழி விட்டாள். நான் கையைக் கழுவிவிட்டு உட்கார்ந்தேன். சோறு இருந்தது, தயிர் இருந்தது. தம்பி தட்டை என் பக்கம் தள்ளினான். நான் சோற்றில் கை வைக்கப் போனேன். அவள் அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்த சட்டிக்குள்ளிருந்து ஒரு கரண்டியை இடுக்கியால் எடுத்து, ஆவி பறக்க, என் முன்னால் நீட்டினாள்.

வாங்கினேன். சுட்டது.

கரண்டியால் தயிர் சோறு பிசைய முடியாது. குத்தத்தான் முடியும். குத்தினேன். உருண்டை வரவில்லை, சேறு மாதிரி வந்தது. அவன் இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு உப்பு இல்லை என்றான். டாக்டர் உனக்கு அவ்வளவுதான் சொல்லியிருக்கிறார், மூடிக்கொண்டு சாப்பிடு என்று நானும் அவளும் ஒரே நேரத்தில் சொன்னோம்.

அவன் தட்டைக் காலி செய்தான்.